குற்றத்தடுப்பும் குடியாட்சியும்: இலங்கையின் மூன்று சட்டங்கள்

குற்றத்தை ஒடுக்குதல் அரசின் தலையாய கடமை. ஆயின், அக்கடமையை ஆற்றும் விரைவில் அரசு தன்னைக் கட்டுப்படுத்தும் விதிகளையே தளர்த்துமாயின் குடியாட்சி மெலிவுறும். இதனை இலங்கையின் சட்ட வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

பொலிஸாரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் எதிரிக்கு எதிரான சான்றாகாது என 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் விதித்தது. காவலில் உள்ளவனின் வாக்குமூலம் அச்சத்தாலோ வதையாலோ பெறப்பட்டிருக்கலாம் என்பதே அதன் அடிப்படை. 1962 ஜனவரியில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலரின் சதிமுயற்சி முறியடிக்கப்பட்டது. அதன் எதிரிகளுக்கெனவே, செயல் நிகழ்ந்த பின்னர், இயற்றப்பட்ட சிறப்புச் சட்டம் இவ்விதியைத் தளர்த்தியது. அதன்படி பதினொருவர் தண்டிக்கப்பட்டனர். 1965 டிசெம்பரில் கோமறைக் கழகம் அவர்களை விடுவித்தது. நீதித்துறைக்குரிய அதிகாரத்தைப் பாராளுமன்றம் கவர்ந்துகொண்டமை அரசியலமைப்புக்கு முரணானது என்பது அதன் முடிபு.

இத்தகைய தடை நீடிக்கவில்லை. கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு 1971இல் ஒழிக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் கிளர்ச்சியை அடுத்து, 1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் பிறந்தது. கிளர்ச்சியாளர் மட்டுமன்றி வெளிநாட்டுச் செலாவணிக் குற்றஞ் சாட்டப்பட்டோரும் அதன் வரம்புக்குள் வந்தனர். பொலிஸாரிடம் அளித்த ஒப்புதல் மீண்டும் சான்றாயிற்று. தீர்ப்பின்மேல் மேன்முறையீடு இல்லை.

1977இல் பதவியேற்ற புதிய அரசு அச்சட்டத்தை நீக்கியது. ஆயினும், அதே அரசு 1979இல் இயற்றிய பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அலுவலரிடம் அளிக்கப்பட்ட ஒப்புதலைச் சான்றாக ஏற்றது. அமைச்சரின் கட்டளைப்படி ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை தடுத்துவைக்கவும் அது இடமளித்தது. மூன்றாண்டுகளுக்கெனக் கொண்டுவரப்பட்ட அச்சட்டம் 1982இல் நிலையானதாக்கப்பட்டது. முதலில் வடக்கின் தமிழ் இளைஞர் மீது பாய்ந்த அது, எண்பதுகளின் பிற்பகுதியில் தெற்கின் சிங்கள இளைஞர் மீதும் பாய்ந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் தடுப்புக்காவலைப் பன்னிரு மாதமாகக் குறைத்ததெனினும் ஒப்புதல் விதியை நீக்கவில்லை.

மூன்று வேளைகளிலும் ஆபத்து மெய்யானதே. அதனை மறுத்தல் வரலாற்றுக்கு அடாது. ஆனால், ஆபத்து நீங்கிய பின்னரும் அதிகாரம் நீங்கவில்லை. ஒரு சாராருக்கெனத் தளர்த்தப்பட்ட விதி அச்சாராரோடு நின்றுவிடவுமில்லை. பிறர்க்கெனத் திறந்த சிறைக்கதவு தமக்கும் திறக்கும் என்பதை உணராத மக்களிடையே குடியாட்சி வேரூன்றுதல் அரிது.