ஃபே: ஊழிலிருந்து அரசவைக்கு

ஆங்கிலப் பதிப்புலகில் கடந்த பத்தாண்டுகளில் பெருகிய ஒரு புனைகதை வகைக்கு ‘ரொமாண்டஸி’ என்று பெயர். காதலையும் மாயப்புனைவையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டிச் செய்த இந்தக் கூட்டுச்சொல், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2024ஆம் ஆண்டின் சொல்லுக்காக வெளியிட்ட குறும்பட்டியலில் இடம்பெறும் அளவுக்குப் பரவியிருக்கிறது. இவ்வகை நாவல்கள் பலவற்றில் ‘ஃபே’ எனப்படும் ஓர் இனத்தார் வருகிறார்கள். மனிதரினும் நெடிய ஆயுளும் பேரழகும் உடைய அவர்கள், பல அரசவைகளாகப் பிரிந்து ஆள்பவர்களாகவும், நீரையும் நெருப்பையும் காற்றையும் ஏவ வல்லவர்களாகவும், மனிதரோடு காதலில் பிணைபவர்களாகவும் சித்திரிக்கப்படுகிறார்கள். பெயர், அரசவை, பூதம், காதல் ஆகிய நான்கும் தொன்றுதொட்டு ஒன்றாகவே வழங்கியவை போன்ற தோற்றத்தை இந்நாவல்கள் தந்தாலும், அவை வெவ்வேறு நூற்றாண்டுகளில் வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்தவை. அவற்றுள் மிகத் தொன்மையானதாகத் தோன்றும் அரசவைப் பிரிவு மிகப் புதியது. வாசகரை ஈர்க்கப் பிற்காலத்தில் சேர்த்ததாகத் தோன்றும் காதலோ மிகப் பழையது.

பெயரின் பிறப்பு

இலத்தீனில் ‘ஃபாரி’ என்னும் வினைக்குப் பேசுதல் என்பது பொருள். அதிலிருந்து பிறந்த ‘ஃபாட்டும்’ என்னும் பெயர், சொல்லப்பட்டது என்றும், தெய்வம் சொல்லி முடித்துவிட்ட தீர்ப்பு என்றும் பொருள்பட்டு, தமிழில் ஊழ் என்பது குறிக்கும் கருத்துக்கு அருகில் நின்றது. இச்சொல் அஃறிணை, இதன் பன்மை ‘ஃபாட்டா’. இலத்தீனில் பெண்பால் ஒருமைப் பெயர்கள் பலவும் இதே ஆகார ஒலியில் முடிவதால், பேச்சு வழக்கில் ‘ஃபாட்டா’ ஒரு பெண்ணின் பெயராகக் கொள்ளப்பட்டது. ஊழ்கள் என்ற பன்மை இவ்வாறு ஊழ்மகள் என்ற ஒருமையாயிற்று. பிறப்பையும் வாழ்நாளையும் அளந்து தரும் பெண் தெய்வங்கள் மூவரை உரோமானியர் முன்பே வணங்கி வந்தமையால் இம்மயக்கம் எளிதில் வேரூன்றியது. உரோம் நகர மன்றத்தில் ‘மூன்று ஃபாட்டாக்கள்’ என்ற பெயரில் ஓரிடம் இருந்ததை 6ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் குறித்திருக்கிறார்.

இந்தப் பெண்பால் வடிவமே இத்தாலியத்தில் ‘ஃபாத்தா’ என்றும், எசுப்பானியத்தில் முதலெழுத்து மெலிந்து ஒலியற்றுப்போய் ‘ஆதா’ என்றும், பழைய பிரெஞ்சில் ‘ஃபே’ என்றும் நிலைத்தது. 1697இல் ஷார்ல் பெரோ வெளியிட்ட உறங்கும் அழகியின் கதையில் குழந்தையின் பெயர்சூட்டு விழாவுக்கு ஃபேக்கள் வந்து வரமும் சாபமும் தருவது, தொட்டிலருகே நின்று ஊழைச் சொல்லும் அந்தப் பழைய தொழிலின் எச்சமாகக் கருதத்தக்கது. தமிழில் இச்சொல்லைத் தேவதை என்று பெயர்ப்பது வழக்கமாயினும், தேவதை வழிபாட்டுக்குரிய தெய்வத்தையும் குறிப்பதால், வழிபடப்படாமல் அஞ்சி ஒதுங்கத்தக்கவராக மட்டும் கருதப்பட்ட இவ்வினத்தாரை ஃபே என்றே குறிப்பது இங்குப் பொருந்தும்.

‘ஃபே’ என்பதோடு பிரெஞ்சு விகுதி ஒன்று சேர்ந்து ‘ஃபேரி’ உண்டாயிற்று. தொழிலையும் நிலையையும் இடத்தையும் உணர்த்த வல்ல விகுதி அது. ஆதலால் ‘ஃபேரி’ முதலில் ஓர் ஆளைக் குறிக்காமல், மாயத்தையும் மாயம் நிலவும் நாட்டையுமே குறித்தது. எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படும் ஆக்கின்லெக் கையெழுத்துப்படி 1330களில் எழுதப்பட்டது; அதில் உள்ள ‘சர் ஓர்ஃபியோ’ என்னும் நெடும்பாட்டில், ஒட்டுமரம் ஒன்றின் நிழலில் உறங்கிய அரசியைக் கவர்ந்து செல்பவன் ‘ஃபேரியின் அரசன்’ எனப்படும்போது, அந்நாட்டின் அரசன் என்பதே பொருள். அந்நாட்டவரில் ஒருவரைத் தனித்துச் சுட்ட அதே சொல்லை வழங்கும் வழக்கம் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஆங்கிலத்தில் தலைகாட்டுகிறது.

ஒலியால் நெருங்கியும் பிறப்பால் தொடர்பற்றும் நிற்கும் இரண்டு சொற்களை இவ்விடத்தில் விலக்கிவிட வேண்டும். ‘ஃபே’ என்றே ஒலிக்கும் வேறொரு சொல் ஸ்காட்லாந்து வழக்கில் உண்டு. சாவு குறிக்கப்பட்டவன் என்று பொருள்படும் அது பழைய ஆங்கிலச் செர்மானிய வேரிலிருந்து வந்தது. சாவை எதிர்நோக்கியவனின் விசித்திரப் போக்கு, மாய உலகின் விசித்திரம் என்னும் இரு கருத்துகளும் ஒட்டிக்கொள்ளவே, இக்கால எழுத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. மற்றொன்று பாரசீகத்தின் ‘பரி’. பகர ஒலி அரபு மொழியில் ஃபகரமாகும் என்பதைக் காட்டி, சிலுவைப் போர்களின் வழியே ‘பரி’ ‘ஃபேரி’ ஆயிற்று என்று முற்காலத்தில் சிலர் ஊகித்தனர்; 1828இல் ஃபேரி மரபுகளைப் பற்றி விரிவாக எழுதிய தாமஸ் கைட்லி இவ்வூகத்தை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். இலத்தீன் வழியே மொழியியலார் இன்று ஏற்பது.

சிறுமையும் மீட்சியும்

இடைக்கால இலக்கியத்தின் ஃபேக்கள் பெரும்பாலும் மனித அளவினர். ‘போர்தோவின் ஊவோன்’ என்னும் 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் காப்பியத்தில் வரும் ஓபரான் மூன்றடி உயரத்தவன் என்பது அக்காலத்தில் ஒரு விலக்கு. அவனை ஆங்கில மேடைக்குக் கொண்டுவந்த ஷேக்ஸ்பியர், 1595ஐ ஒட்டி எழுதிய ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தில் அவனுக்கு ஒவிட்டின் இலத்தீன் காப்பியத்திலிருந்து எடுத்த டைட்டானியா என்னும் பெயரில் ஓர் அரசியையும், பூவிதழ்களுக்குள் ஒளியத்தக்க சிற்றுருவப் பரிவாரத்தையும் கூட்டினார். அடுத்து வந்த கவிஞர்கள் அச்சிறுமையையே வளர்த்தனர், விக்டோரியா காலத்துச் சிறுவர் நூல்களும் ஓவியங்களும் பட்டாம்பூச்சிச் சிறகை நிலைபெறுத்தின, 1904இல் ஜே. எம். பேரியின் ‘பீட்டர் பேன்’ நாடகத்தில் ஃபேரி ஒருத்தி மேடையில் அசையும் ஒளிப்பொட்டாகச் சுருங்கினாள்.

இச்சுருக்கத்தை எதிர்த்துத் திட்டமாகப் பேசியவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், ஃபேரி என்பதைச் சிற்றுயிரின் பெயராகக் கொள்வதை மறுத்து, மனிதர் சென்று திரும்பும் ஓர் ஆட்சிப்பரப்பின் பெயராக அதன் பழம்பொருளை அவர் மீட்டெடுத்தார். பிற்கால மாயப்புனைவாளர் ‘ஃபேரி’யைக் கைவிட்டு ‘ஃபே’ என்னும் பழைய பிரெஞ்சு எழுத்து வடிவை விரும்பி எடுத்ததற்கும் இதே மனப்பாங்கு காரணம். சிறகும் சிறுமையும் ஒட்டிக்கொண்ட சொல்லால் ஆறடி உயரப் போர்வீரனை, அதிலும் காதலனை, குறிப்பிட இயலாது. எனவே இன்றைய ‘ஃபே’ தொடர்ந்து வழங்கிவந்த பழஞ்சொல் ஆகாது. பழமை தோன்ற வேண்டும் என்பதற்காகவே அண்மையில் மீட்கப்பட்ட சொல்லாகும்.

அரசவைகள்

ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டுப்புற மக்கள் இவ்வினத்தாரை அவர்களுடைய பெயரால் அழைக்க அஞ்சினர். அம்மை நோயை முத்து என்று மங்கலமாகச் சொல்வதைப் போல, அயர்லாந்தில் ‘நல்லவர்கள்’ என்றும், வேல்ஸில் ‘அழகிய குடும்பத்தார்’ என்றும் இடக்கரடக்கலாகச் சொன்னார்கள். ராபர்ட் சேம்பர்ஸ் திரட்டிய ஸ்காட்லாந்துச் சிறுபாடல்களுள் ஒன்றில் இவ்வினத்தான் ஒருவனே பேசுகிறான்: தன்னை ஃபேரி என்றழைத்தால் தொல்லை தருவதாகவும், ‘சீலி’ என்றழைத்தால் இரவும் பகலும் நண்பனாக இருப்பதாகவும் அவன் எச்சரிக்கிறான். ‘சீலி’ என்பது பேறு பெற்ற, நலம் வாய்ந்த என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. ஆங்கிலத்தில் இன்று அசட்டுத்தனத்தைக் குறிக்கும் ‘சில்லி’யும் அதே வேரினது, பேறு பெற்றவன் சூதறியாதவனாகி, சூதறியாதவன் இரக்கத்துக்குரியவனாகி, இறுதியில் அசடனாகத் தேய்ந்தான்.

‘சீலி அவை’ என்ற தொடருக்குப் புகழ்பெற்ற சான்று ‘ஆலிசன் கிராஸ்’ என்னும் கதைப்பாடல். அன்னா கார்டன் பிரவுன் என்னும் பெண்மணியின் நினைவிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிக்கொள்ளப்பட்ட அப்பாடல், பின்னர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டின் பெருந்தொகுப்பில் 35ஆம் எண் பெற்றது. சூனியக்காரி ஒருத்தியின் காதலை மறுத்தவன் அவளால் புழுவாக்கப்பட்டு மரத்தைச் சுற்றிக் கிடக்கிறான். ஹாலோவீன் இரவில் அவ்வழியே குதிரைகளில் செல்லும் சீலி அவையின் அரசி இறங்கி, அவனை மும்முறை தடவி மீண்டும் மனிதனாக்குகிறாள். இங்கே அவை என்பது உலாச் செல்லும் பரிவாரம். அதற்கு நாடும் எல்லையும் சொல்லப்படவில்லை, பகை அவை ஒன்றும் பேசப்படவில்லை.

பேறற்ற, கேடுடைய என்று பொருள்படும் ‘அன்சீலி’ என்ற எதிர்ச்சொல்லும் ஸ்காட்லாந்து மொழியில் உண்டு. நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் கேத்தரின் பிரிக்ஸ் 1976இல் வெளியிட்ட ஃபேரி அகராதியில் சீலி அவையும் அன்சீலி அவையும் தனித்தனிப் பதிவுகளாக இடம்பெற்றன. எம்மா புல் 1987இல் எழுதிய ‘வார் ஃபார் தி ஓக்ஸ்’ நாவலில் இவ்விரு அவைகளும் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தைக் களமாக்கிப் போரிட்டன. ஹோலி பிளாக்கின் ‘டைத்’ 2002இல் அதே பகையை இளையோர் நாவலுக்குக் கொண்டுவந்தது. சாரா ஜே. மாஸ் 2015இல் தொடங்கிய ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ வரிசையிலோ இரண்டு ஏழாகப் பெருகி, நான்கு பருவங்களின் பெயரால் நான்கும், விடியல், பகல், இரவு என மூன்றுமாக அவைகள் நிலப்பரப்புடைய அரசுகளாயின. பரிவாரம் நாடாக மாறிய இவ்வளர்ச்சி பெரும்பாலும் ஐம்பதாண்டுகளுக்குள் அடங்கும்.

பூதங்கள்

பூதங்களை ஏவும் ஆற்றல் நாட்டார் வழக்கிலிருந்து வந்ததன்று. அது மருத்துவ நூலோர் வழி வந்தது. 1541இல் இறந்த சுவிஸ் மருத்துவர் பாராசெல்சஸ் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1566இல் அச்சேறிய இலத்தீன் தலைப்புடைய சிறுநூல் ஒன்று, ஒவ்வொரு பூதத்திலும் அதற்குரிய மக்கள் வாழ்கிறார்கள் என்றது. தமிழ் மரபின் ஐந்தாம் பூதமாகிய வானம் நீங்க, நான்கே பூதங்களைக் கொண்ட கிரேக்க மரபை ஒட்டி, நீரில் உண்டைன், காற்றில் சில்ஃப், நிலத்தில் நோம், நெருப்பில் சாலமாண்டர் என அவர் வகுத்தார். மீனுக்கு நீர் எப்படியோ அப்படியே நோமுக்கு மண் என்பது அவர் கருத்து. பாறையினூடே அது தடையின்றி நடக்கும். 1670இல் வெளியான ‘கபாலிஸ் பிரபு’ என்னும் பிரெஞ்சு நூல் இக்கொள்கையை வரவேற்பறைப் பேச்சாக்க, அதிலிருந்து எடுத்த சில்ஃப்களை அலெக்சாண்டர் போப் 1714இல் விரித்து வெளியிட்ட தம் அங்கதக் காப்பியத்தில் சீமாட்டி ஒருத்தியின் கூந்தலுக்குக் காவல் வைத்தார். பூதத்தில் வாழ்பவர் பூதத்தை ஏவுபவராக ஆனது பிற்கால மாயப்புனைவின் மாற்றம்.

காதலும் அதன் விலையும்

காதல் அரசவைக்கும் பூதத்துக்கும் முந்தியது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரீ த பிரான்ஸ் பாடிய ‘லான்வல்’ என்னும் கதையில், ஆர்தரின் அவையில் புறக்கணிக்கப்பட்ட வீரனுக்கு மாயப்பெண் ஒருத்தி காதலும் செல்வமும் தருகிறாள். உறவை வெளியிட்டால் தன்னை இழப்பான் என்பது அவள் விதித்த கட்டுப்பாடு. 1393ஐ ஒட்டி ழான் தாராஸ் எழுதிய ‘மெலுசின்’ கதையில் சனிக்கிழமைகளில் மனைவியைக் காணக்கூடாது என்பது கட்டுப்பாடு; அதை மீறிப் பார்த்த கணவனுக்கு நீர்த்தொட்டியில் அவளுடைய பாம்பு வால் தெரிகிறது. இக்கதைகளில் காதல் வாக்கின்மேல் நிற்கிறது. வாக்கு முறியும்போது காதலும் கைநழுவுகிறது.

எட்ரிக், யாரோ ஆறுகள் கூடுமிடத்துக்கு அருகிலுள்ள கார்ட்டர்ஹாவைக் களமாகக் கொண்ட ‘டாம் லின்’ கதைப்பாடல், கட்டுப்பாட்டை மீறிக் காதலை இழக்கும் கதையைக் காதலை மீட்கும் கதையாக்கியது. ஃபேரி அரசியின் பிடியிலிருப்பவன் மனிதப் பிறப்பினன். ஏழாண்டுக்கு ஒருமுறை நரகத்துக்குச் செலுத்தும் கப்பமாகத் தான் போக நேரும் என்று அஞ்சுகிறான். அவன் கருவைச் சுமக்கும் ஜேனட், ஹாலோவீன் நள்ளிரவில் உலா வரும்போது அவனைக் குதிரையிலிருந்து இழுத்துத் தழுவ, அவள் கைக்குள்ளேயே அவன் பாம்பாகவும் கொடிய விலங்காகவும் கனலும் இரும்பாகவும் மாறுகிறான். பிடி விடாதவளுக்கு இறுதியில் ஆடையற்ற மனிதனாகக் கிடைக்கிறான். மாஸின் முதல் நாவலில் வசந்த அவையின் தலைவன் டாம்லின் என்றே பெயர் பெறுவதும், கொடிய அரசியின் பிடியிலிருந்து அவனை மீட்க மனிதப் பெண் சோதனைகளைத் தாங்குவதும் இப்பாடலோடு அதற்குள்ள உறவைக் காட்டுகின்றன.

காதலும் பூதமும் கொள்கையளவில் இணைந்த இடம் பாராசெல்சஸின் அச்சிறுநூலே. பூத மக்களுக்கு உடலும் அறிவும் உண்டு, ஆன்மா இல்லை. மனிதரை மணந்தால் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஆன்மா பெறுவர் என்று கூறி, மெலுசினையே அவர் எடுத்துக்காட்டினார். ஃபூக்கே 1811இல் எழுதிய ‘உண்டைன்’ என்னும் செர்மானியக் குறுநாவல் இக்கருத்தின் விரிவு. ஆண்டர்சன் 1837இல் வெளியிட்ட கடற்கன்னிக் கதையும் அதே ஏக்கத்தால் இயங்குகிறது.

ரொமாண்டஸி இக்கொடுக்கல் வாங்கலின் திசையைத் திருப்பிவிட்டது. மாஸின் நாயகி ஃபேயர் முதல் நூலின் முடிவில் இறந்து, அவைத் தலைவர்கள் எழுவரின் ஆற்றலால் ஃபேயாகவே மீண்டும் எழுகிறாள். ஆன்மாவைத் தருபவளாக இருந்த மனிதப் பிறவி, ஆயுளையும் ஆற்றலையும் பெறுபவளாகிறாள். பழைய கதைகளில் இரு உலகுக்கும் இடையிலிருந்த எல்லை கட்டுப்பாட்டால் காக்கப்பட்டு, அதை மீறியவர் பிரிவால் விலை கொடுத்தனர். புதிய நாவல்களிலும் ஒப்பந்தங்களும் உறுதிமொழிகளும் நிறைந்திருப்பினும், எல்லை கடக்கப்படுவதற்காகவே வரையப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டு மருத்துவருக்கு மாய இனத்தாரிடம் இல்லாமலும் மனிதரிடம் இருந்தும் மதிப்புப் பெற்ற பொருள் அழியாத ஆன்மா. 21ஆம் நூற்றாண்டு வாசகருக்கு மனிதரிடம் இல்லாமல் மதிப்புப் பெறும் பொருள் முதுமையும் சாவும் தீண்டாத உடல்.