குளிர்காற்றும் முகவாதமும்: செவன் ஹில்ஸ் தமிழரை முன்வைத்து

காதை மூடாமல் பனிக்காற்றில் போனால் வாய் கோணிவிடும், அதாவது முகவாதம் வரும் என்று யாழ்ப்பாணத்திலும் சொல்வார்கள், தஞ்சாவூரிலும் சொல்வார்கள். மேற்குச் சிட்னியின் செவன் ஹில்ஸ், டூங்காபி, பென்டில் ஹில் பகுதிகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களிடமும் இந்த நம்பிக்கை உண்டு. அதை வளர்க்கும் தட்பவெப்பம்தான் இங்கே நிலவுகிறது. கடலிலிருந்து தள்ளி இருப்பதால் ஜூலை இரவுகள் கரையோரத்தைவிடக் குளிர்கின்றன. ஆகஸ்டில் உலர்ந்த மேல்காற்று வீசுகிறது. இந்த நம்பிக்கையில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் வைத்தியத்தைத் தாமதப்படுத்தும் அளவுக்கு அதை நம்புவது ஆபத்து என்பதே என் வாதம்.

அமெரிக்கப் படையினரிடையே 1997 அக்டோபர் முதல் 1999 செப்டம்பர் வரை பதிவான முகவாதங்களைக் கேம்ப்பெல், பிரண்டேஜ் இருவரும் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். குளிர் மாதங்களில் நோய் வீதம் வெப்ப மாதங்களைப் போல 1.31 மடங்காக இருந்தது. வறண்ட பகுதிகளில், மற்ற இடங்களைப் போல 1.34 மடங்கு. குளிர் மட்டுமே காரணமென்றால் வறட்சிக்குத் தனிப் பங்கு இருந்திருக்காது. உலர்ந்த காற்று மூக்கு, தொண்டைச் சவ்வுகளைப் புண்படுத்தி, உடலில் உறங்கும் வைரஸைக் கிளப்பக்கூடும் என்பது ஒரு கருதுகோள். எப்படியானாலும், இந்நோய் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 20 முதல் 30 பேருக்கே வருகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு கூடினாலும், குளிரில் நடந்துபோன தனி மனிதருக்கு ஆபத்து சொற்பமே.

முகநரம்பு காதுக்குப் பின்னுள்ள எலும்பில், ஓரிடத்தில் ஒரு மில்லிமீட்டரும் அகலமில்லாத குழாய் வழியே செல்கிறது. வீங்கினால் அங்கே நெரிபடும். ஜப்பானில் முராகாமி குழுவினர் 1996இல் 14 நோயாளிகளைச் சோதித்து, 11 பேரின் நரம்பு நீரில் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் மரபுப்பொருளைக் கண்டார்கள். வாய் கோணுவதற்கு ஓரிரு நாள் முன்பே காதின் பின்புறம் வலிப்பது பலருக்கு உண்டு. வலித்த காதையும் முந்தைய நாள் குளிரையும் மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது; நம்பிக்கை இத்தனை காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

நம்மவர் கவலைப்பட வேண்டியது வேறு. தெற்காசியரிடம் நீரிழிவு அதிகம். நீரிழிவுள்ளோருக்கு முகவாதம் வரும் வாய்ப்பும் கூடுதல். காதைச் சுற்றிக் கொப்புளங்களுடன் வரும் ராம்சே ஹன்ட் நோய்க்குக் காரணம் சின்னம்மை வைரஸ். அதே வைரஸால் வரும் அக்கி அம்மைக்கான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசியை ஆஸ்திரேலிய அரசு 2023 நவம்பர் முதல் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளும் பெரியவர்கள் இந்த ஊசியையும் போட்டுக்கொண்டால் உண்மையான பலன் கிடைக்கும்.

நாள் கடத்துவதால் வரும் இழப்பு பெரிது. ஸ்காட்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், நோய் தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கியவர்களில் 94.4 விழுக்காட்டினர் ஒன்பது மாதத்தில் முழுமையாகத் தேறினார்கள். அம்மருந்து பெறாதவர்களில் 81.6 விழுக்காட்டினர். எண்ணெய் தடவி, ஒத்தடம் கொடுத்து ஒரு வாரம் பார்ப்போம் என்று இருப்பவர் இந்த வாய்ப்பை இழக்கிறார். இம்மருந்து சர்க்கரையை ஏற்றும் என்பதால் நீரிழிவுள்ளவர் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். மூடாத கண்ணைச் சொட்டு மருந்தாலும் இரவில் ஒட்டுப்பட்டையாலும் காக்க வேண்டும்.

வாய் கோணி, நெற்றியைச் சுருக்க முடிந்தால், அல்லது கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், அது பக்கவாதமாக இருக்கலாம்; உடனே 000 அழையுங்கள். நெற்றியும் அசையாவிட்டால்கூட நீங்களே முடிவு கட்டாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.