செர்ரித் தோட்டத்தை வாங்கியவன் வில்லனா?

சென்ற பருவத்தில் எங்கள் நாடக வகுப்பில் ஆன்டன் செகாவின் 'செர்ரித் தோட்டம்' பாடமாக இருந்தது. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நடித்துப் பார்க்க வேண்டும். எனக்குக் கிடைத்தது லோபாகின் என்ற வியாபாரி வேடம். அதை முதல் நாளே நான் நன்றாகக் கெடுத்தேன். பிறகு என்னைத் திருத்தியது கொஞ்சம் ரஷ்ய வரலாறு. அதனால்தான் இதை நாடக விமர்சனமாக எழுதாமல் வரலாற்றுக் கட்டுரையாக எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காக

ரனேவ்ஸ்கயா ஒரு நிலப்பிரபுக் குடும்பத்துப் பெண்மணி. வெளிநாட்டில் ஐந்து வருடம் பணத்தைக் கரைத்துவிட்டு, ஒரு மே மாதம் சொந்தப் பண்ணைக்குத் திரும்பி வருகிறாள். செர்ரி மரங்கள் பூத்துக் கிடக்கின்றன. ஆனால் பண்ணை கடனில் மூழ்கியிருக்கிறது. ஆகஸ்ட் 22ஆம் தேதி ஏலம்.

குடும்பத்துக்குத் தெரிந்த லோபாகின் ஒரு வழி சொல்கிறான். பக்கத்திலேயே ரயில் பாதை வந்துவிட்டது. தோட்டத்தை வெட்டி, மனைகளாகப் பிரித்து, கோடை வீடு கட்டிக்கொள்ள நகரத்துக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டால் வருடத்துக்குக் குறைந்தது 25 ஆயிரம் ரூபிள் வரும் என்கிறான். 50 ஆயிரம் கடன் ஏற்பாடு செய்து தருவதாகவும் சொல்கிறான். ரனேவ்ஸ்கயாவும் அவள் அண்ணன் காயெவும் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கோடை வீடு, குத்தகை என்ற பேச்சே அவர்களுக்கு நாகரிகக் குறைவாகத் தெரிகிறது. ஏல நாளும் வருகிறது. வீட்டில் நடன விருந்து நடந்துகொண்டிருக்கும்போது லோபாகின் உள்ளே வந்து, தோட்டத்தை வாங்கியது நான்தான் என்கிறான். கடன் தொகைக்கு மேல் 90 ஆயிரம் கொடுத்து வாங்கியிருக்கிறான்.

கடைசியில் எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஃபிர்ஸ் என்ற 87 வயது வேலைக்காரக் கிழவரை உள்ளேயே மறந்துவிடுகிறார்கள். வெளியே கோடாலிச் சத்தம் கேட்கிறது. அத்துடன் திரை.

நான் செய்த கூத்து

அந்த மூன்றாம் அங்கக் காட்சியை நான் எப்படிச் செய்திருப்பேன் என்று நீங்களே ஊகிக்கலாம். மார்பை நிமிர்த்தி, மீசையைத் தடவுவது போல ஒரு பாவனை, அகலமாக ஒரு சிரிப்பு. பழைய படங்களில் கதாநாயகியின் வீட்டை ஏலத்தில் எடுக்கும் பண்ணையார் எப்படி வருவாரோ அப்படி! வகுப்பு கைதட்டியது. ரனேவ்ஸ்கயாவாக நடித்த தோழி நிஜமாகவே அழுதாள். பிரமாதமாகச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆசிரியை கைதட்டவில்லை. "இவனோட தாத்தா யாரு?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பிரதியைப் புரட்டினேன். நான் இப்போதுதான் சத்தம் போட்டுப் பேசி முடித்த வசனத்திலேயே அது இருந்தது! லோபாகினின் அப்பாவும் தாத்தாவும் இதே பண்ணையில் அடிமைகள். இந்த வீட்டின் சமையலறைக்குள்கூட அவர்களை விட்டதில்லை. அவர்கள் கல்லறையிலிருந்து எழுந்து வந்து பார்க்க வேண்டும் என்று அவன் ஏங்குகிறான். மனப்பாடம் செய்யும்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை. அடுத்த வகுப்புக்கு வரும்போது 1861இல் ரஷ்யாவில் என்ன நடந்தது என்று படித்துவிட்டு வரச் சொன்னார்.

1861

அந்த வருடம் வரை ரஷ்ய விவசாயிகளில் ஒரு பெரிய பகுதியினர் பண்ணையடிமைகள். நிலப்பிரபுக்களுக்குச் சொந்தமாக மட்டும் சுமார் 2 கோடியே 30 லட்சம் பேர் இருந்தார்கள். விற்கலாம், அடகு வைக்கலாம், கசையால் அடிக்கலாம். திருமணத்துக்கும் எஜமானின் சம்மதம் வேண்டும். ஒரு பிரபுவின் செல்வத்தை அவரிடம் எத்தனை 'ஆன்மாக்கள்' இருக்கின்றன என்று எண்ணித்தான் சொல்வார்கள்.

1861 பிப்ரவரி 19 அன்று (பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி) ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். ஆனால் விடுதலை இலவசமாக வரவில்லை. உழுது வந்த நிலத்துக்கு விவசாயி விலை கொடுக்க வேண்டும். அரசு அந்த விலையின் பெரும்பகுதியைக் கடன் பத்திரங்களாகப் பிரபுவுக்குக் கொடுத்துவிட்டு, விவசாயியிடம் 49 வருடத் தவணையில் வசூலித்தது. 1905 புரட்சிக்குப் பிறகுதான், 1907 முதல், இந்தத் தவணை ரத்தானது.

சரி, பிரபுக்கள் கொழுத்திருக்க வேண்டுமே? அதுவும் இல்லை. விடுதலைக்கு முன்பே நாட்டின் பண்ணையடிமைகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் அரசு வங்கிகளில் அடகில் இருந்தார்கள். அந்தப் பழைய கடனைக் கழித்துக்கொண்டுதான் அரசு பிரபுக்களுக்குக் கொடுத்தது. கையில் மிஞ்சியதை வைத்து, இலவச உழைப்பு இல்லாமல் பண்ணை நடத்த அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. 1885இல் அவர்களுக்கென்றே ஒரு நில வங்கியை அரசு தொடங்கியது. அதிலும் கடன் வாங்கினார்கள். வட்டி கட்ட முடியாத பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. ரனேவ்ஸ்கயாவின் பண்ணை செகாவ் கற்பனை செய்த அதிசயம் அல்ல. அந்தக் காலத்தில் நாடெங்கும் நடந்துகொண்டிருந்த சங்கதிதான்.

ஃபிர்ஸ் ஏன் போகவில்லை?

இதைப் படித்த பிறகு எனக்கு அதிகம் உறுத்தியது ஃபிர்ஸ்தான். அந்த விடுதலையை அவர் ஒரு பேரிடர் என்கிறார். ஆந்தை அலறியது, தேநீர்ப் பாத்திரம் விடாமல் இரைந்தது என்று அதற்குச் சகுனமெல்லாம் சொல்கிறார். வகுப்பில் இந்த இடத்துக்கு எல்லோரும் சிரித்தோம். அடிமையாக இருக்கவே ஆசைப்படும் கிழவர் என்று கிண்டல் செய்தோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கதை 1903 வாக்கில் நடப்பதாகக் கொண்டால், 1861இல் ஃபிர்ஸுக்கு வயது சுமார் 45. அவர் வீட்டு வேலைக்கார அடிமை. அந்த வகையினருக்கு 1861 சட்டம் விடுதலை கொடுத்ததே தவிர நிலம் கொடுக்கவில்லை. வயலில் உழுதவனுக்காவது கடனோடு ஒரு துண்டு நிலம் கிடைத்தது. ஃபிர்ஸுக்குக் கிடைத்தது திறந்த கதவு மட்டும்தான். 45 வயதில் அவர் எங்கே போவார்? பழக்கமும் விசுவாசமும் அவரிடம் இல்லாமல் இல்லை. ஆனால் அவருடைய விசுவாசத்தைப் பார்த்துச் சிரித்த எங்களுக்கு இந்தச் சட்டம் தெரியாது.

ஆக, ஒரே பண்ணையின் அடிமைக் குடும்பங்களிலிருந்து வந்த இரண்டு பேரைச் செகாவ் ஒரே மேடையில் நிறுத்துகிறார். ஒருவரைப் பூட்டிய வீட்டில் மறந்துவிடுகிறார்கள். இன்னொருவன் அந்த வீட்டையே வாங்கிவிடுகிறான்.

செகாவின் தாத்தா

நாடக ஆசிரியரின் தாத்தாவைப் பற்றியும் படித்தேன். எகோர் செகாவ் ஒரு பண்ணையடிமை. 1841இல், அதாவது சட்டம் வருவதற்கு 20 வருடம் முன்பே, காசு சேர்த்துக் கொடுத்துத் தன் குடும்பத்தை விடுவித்துக்கொண்டவர். செகாவின் அப்பா தாகன்ரோக் நகரில் மளிகைக் கடை வைத்திருந்தார். 1876இல் கடனில் திவாலாகி மாஸ்கோவுக்கு ஓடினார். அவர்கள் வீட்டில் குடியிருந்த ஒருவரே அந்த வீட்டைத் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டார். பதினாறு வயது செகாவ் பள்ளிப் படிப்பை முடிப்பதற்காக அந்த ஊரிலேயே தனியாகத் தங்கினார்.

அடிமையின் பேரன் என்ற வகையில் அவர் லோபாகின். வீட்டைப் பறிகொடுத்தவர் என்ற வகையில் ரனேவ்ஸ்கயா. இரண்டு பக்கமும் தெரிந்தவர் இதில் யாரை வில்லனாக்குவார்?

நகைச்சுவையா, சோகமா?

செகாவ் இந்த நாடகத்துக்கு 'நான்கு அங்க நகைச்சுவை' என்றுதான் பெயர் போட்டார். யால்டாவில் காசநோயோடு போராடிக்கொண்டே எழுதி, 1903 அக்டோபரில் மாஸ்கோ கலை அரங்குக்கு அனுப்பினார். படித்து அழுத இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, இது நகைச்சுவையே இல்லை, சோக நாடகம் என்று எழுதினார். லோபாகின் வேடம்தான் நாடகத்தின் மையம், அதை ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே செய்ய வேண்டும் என்று செகாவ் ஆசைப்பட்டார். லோபாகின் வியாபாரிதான், ஆனால் எல்லா வகையிலும் கண்ணியமான மனிதன் என்று கடிதத்தில் விளக்கினார். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியோ பிரபுவான காயெவ் வேடத்தை எடுத்துக்கொண்டார். ரனேவ்ஸ்கயாவாக நடித்தவர் செகாவின் மனைவி ஓல்கா நிப்பர்.

1904 ஜனவரி 17 அன்று (பழைய நாட்காட்டி) முதல் காட்சி. அன்று செகாவின் 44ஆவது பிறந்தநாள். மூன்றாம் அங்கம் முடிந்ததும் அவரை மேடையேற்றிப் பாராட்டுரைகள் வாசித்தார்கள். இருமிக்கொண்டே நின்றார். 12 நிமிடத்தில் முடிய வேண்டிய கடைசி அங்கத்தை 40 நிமிடம் இழுக்கிறார்கள், என் நாடகத்தையே கெடுத்துவிட்டார்கள் என்று பின்னர் மனைவிக்குக் கடிதம் எழுதினார். அந்த ஜூலையிலேயே ஜெர்மனியின் பாடன்வைலரில் காலமானார்.

இன்னொரு கத்திரியும் விழுந்தது. 'நிரந்தர மாணவன்' திரோஃபிமோவ் இரண்டாம் அங்கத்தில், உயிருள்ள மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தது இந்தக் குடும்பத்தை எப்படிக் கெடுத்துவிட்டது என்று பேசும் பகுதியைத் தணிக்கை அதிகாரிகள் நீக்கினார்கள். அதாவது, எங்கள் ஆசிரியை கேட்ட அதே விஷயம் 1904இன் மேடையிலும் வாய்விட்டுச் சொல்லப்படவில்லை! அது இல்லாமல் பார்த்தால் மிஞ்சுவது அழகான தோட்டமும் அழுகிற சீமாட்டியும்தான். சோக நாடகமாகத் தெரிவதில் ஆச்சரியம் என்ன?

மறுபடியும் வகுப்பில்

அடுத்த வாரம் அதே காட்சியை மறுபடி செய்தேன். இந்த முறை மீசையைத் தடவவில்லை. 15 வயதில் அப்பா அடித்து மூக்கில் ரத்தம் வடிந்தபோது, முகம் கழுவக் கூட்டிப்போய் ஆறுதல் சொன்ன இளம் சீமாட்டி ரனேவ்ஸ்கயாதான். அதை அவன் மறக்கவே இல்லை. அவள் வீட்டைத்தான் இப்போது வாங்கியிருக்கிறான். தாத்தாவை நினைத்துச் சிரித்தான். அடுத்த நிமிடமே, ஏன் என் பேச்சைக் கேட்கவில்லை என்று அவளைப் பார்த்து அழுதான். இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய எனக்குச் சரியாக வரவில்லை, நடுவில் குரல் உடைந்துவிட்டது. கைதட்டல் குறைவுதான். ஆசிரியை "இப்பதான் பிரதியைப் படிச்சிருக்க" என்றார்.

என் கருத்து இதுதான். இந்த நாடகம் நகைச்சுவையா, சோகமா என்ற கேள்விக்கான விடை, தோட்டத்தை யார் பக்கத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. ரனேவ்ஸ்கயாவுக்கு அது பிள்ளைப் பருவம். லோபாகினுக்கு அது தாத்தாவை உள்ளே விடாத வீடு. ஃபிர்ஸுக்கு அதைவிட்டால் வேறு இடமே இல்லை. மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் வேடம் கட்டினால் என்னைப் போல மீசையைத்தான் தடவ வேண்டியிருக்கும். பழைய நாடகம் ஒன்றைக் கையில் எடுக்கும்போது, அதில் வருகிறவர்களின் தாத்தா யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.