கண்ணால் கேட்டல்: ஒலிக்கருவிப் பெட்டியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

சரக்கைப் பற்றிப் பேச வரும் நம் தோழர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேல்பூச்சு பொய், உள்ளே இருப்பதே மெய் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். வீட்டில் பாட்டுக் கேட்பதற்கான விலையுயர்ந்த கருவிகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, விஷயம் அவ்வளவு சுலபமில்லை என்று எனக்குப் படுகிறது.

1906இல் அமெரிக்காவின் விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனி 'விக்ட்ரோலா'வைக் கொண்டுவந்தது. விலை 200 டாலர். அதுவரை கிராமபோன் என்றால் வெளியே பூவாய் விரிந்து நிற்கும் குழாய்தான். விக்ட்ரோலாவில் அந்தக் குழாயைக் கீழ்நோக்கி மடக்கி மரப்பெட்டிக்குள் வைத்து முன்னால் கதவு போட்டார்கள். சத்தம் ஜாஸ்தியா? கதவைச் சாத்து, அவ்வளவுதான். ஒலியை மேம்படுத்துவதற்காகச் செய்ததல்ல இது. வசதியான வீட்டின் கூடத்தில் ஒரு யந்திரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது அழகாயில்லை. அது மரச்சாமானாக மாற வேண்டியிருந்தது, மாறியது.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. 1925இல் ஆர்த்தோபோனிக் விக்ட்ரோலா வந்தது. மாக்ஸ்ஃபீல்ட், ஹாரிசன் என்ற இரு பொறியாளர்கள், மின்சுற்றுக்கான கணிதத்தைக் காற்றின் அசைவுக்குப் பொருத்திக் குழாயின் நீளத்தையும் விரிவையும் கணக்கிட்டிருந்தார்கள். அந்த நீண்ட குழாயை மடக்கி அடக்க, அலங்காரத்துக்காகப் பிறந்த பெரிய பெட்டி தோதாக அமைந்தது. முதலில் தோற்றம், 19 வருஷம் கழித்து அதற்குள் ஒலியியல். இங்கே எது உள், எது வெளி?

எடிசன் கம்பெனி வேறு வழியில் போயிற்று. 1915 முதல் ஊர் ஊராக 'ஒலிச் சோதனை' என்று மேடை போட்டது. பாடகி பாடுவார், நடுவில் வாயை மூடிக்கொள்வார், கருவி தொடர்ந்து பாடும். விளக்கை அணைத்தும் நடத்தினார்கள். மனிதக் குரலையும் யந்திரத்தையும் பிரித்தறிய முடியவில்லை என்று விளம்பரம். அந்த மேடைகளில் பாடிய ஆனா கேஸ், கருவியின் ஒலிக்கு ஏற்பத் தன் குரலை அமைத்துக்கொண்டதாகப் பல வருஷங்களுக்குப் பிறகு சொன்னார். நிஜம் நகலைப் பார்த்துப் பாடியிருக்கிறது!

இனி 1994. ஹார்மன் கம்பெனியின் ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் தங்கள் கம்பெனி ஊழியர்கள் 40 பேரை உட்காரவைத்து நான்கு ஒலிபெருக்கிகளுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். கண்ணால் பார்த்துக் கேட்டபோது பெரிய, விலை கூடிய பெட்டிகள் மேலே போயின. திரையைப் போட்டு மறைத்ததும் இடைவெளி சுருங்கிற்று. மலிவான சின்னப் பெட்டியின் மதிப்பெண் ஏறிற்று. கவனியுங்கள், இவர்கள் விவரம் தெரியாத வாடிக்கையாளர்கள் அல்ல, அந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள். அறிவு வந்தால் மாயை விலகிவிடும் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அந்த நம்பிக்கை இந்தத் திரைக்கு முன்னால் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

அறிந்தவர் கையிலும் அந்த அறிவு என்ன ஆகிறது? 1993இலேயே ஹார்மன் வாங்கிவிட்டிருந்த கம்பெனி லெக்சிகன். ஸ்டுடியோக்களுக்கான எதிரொலிக் கருவிகளில் பேர் வாங்கியது. அது பிடி-30 என்ற புளூ-ரே கருவியை 3,500 டாலருக்கு விற்றது. 2010 ஜனவரியில் விமரிசகர்கள் அதைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே 499 டாலருக்குக் கடையில் கிடைத்த ஓப்போ பிடிபி-83, அதன் தகரக் கூட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை. அந்த மேல்சட்டைக்கு 3,001 டாலர்.

'உள்ளே மட்டமான சரக்கு' என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஓப்போ நல்ல கருவி என்று பேர் எடுத்தது. வாங்கியவர் காதுக்கு மோசம் ஒன்றும் நடக்கவில்லை. அப்படீன்னா பொய் எங்கே இருக்கு? பெட்டியில் இல்லை, பலகையிலும் இல்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள உறவை மறைத்ததில் இருக்கிறது. அந்தப் பலகையைப் பூட்டிய கைகளும், கனத்த அலுமினிய முகப்பைக் கடைந்த கைகளும் ஒரு பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒன்றுபோலக் காணாமல் போயின. மார்க்ஸ் சரக்கின் மர்மம் என்று சொன்னது இதைத்தான். மனிதர்களுக்கிடையேயான உறவு, பொருளின் குணம் போல வேஷம் கட்டி வருகிறது. பெட்டியை உடைத்து 'உண்மையான உள்ளடக்க'த்தைத் தேடுகிறவர்களும் அந்தக் குணத்தையே உள்ளே தள்ளித் தேடுகிறார்கள்.

ஆகவே 'உள்ளே என்ன?' என்ற கேள்வி மட்டும் போதாது. யார் மறைக்கப்பட்டார்கள், திரை யார் கையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். 1994இல் திரையைப் போட்டுப் பார்த்ததும் அந்தக் கம்பெனிதான், பதினாறு வருஷம் கழித்துப் பெட்டியைப் போட்டு விற்றதும் அதன் குடும்பம்தான்.

இது பணக்காரர்களின் பாட்டுப் பெட்டி சமாச்சாரம், நமக்கென்ன என்று யாராவது சொல்லலாம். இருக்கட்டும். ஒரு இதழுக்கு வந்த பத்துக் கட்டுரைகளில் பெயரை மறைத்துவிட்டு மதிப்பெண் போடச் சொன்னால், நம்மில் எத்தனை பேர் சம்மதிப்போம்?