அந்திக் கணக்கு

மரக்காணத்து உப்பளங்களுக்கு அந்தி நேரத்தில் போய் நின்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வாரிக் குவித்த உப்பு வரப்போரம் வெள்ளை வெள்ளையாய்க் கூம்பி நிற்கும். தொழிலாளர் கால்களைக் கழுவிக்கொண்டு கரையேறுவர். கணக்குப்பிள்ளை குறிப்பேட்டை விரித்து, அன்று வாரிய பாத்தி எத்தனை, ஆள் எத்தனை, கூலி எவ்வளவு என்று எழுதிக்கொண்டிருப்பார். நாளை எழுதிக்கொள்ளலாம் என்று அவர் விடமாட்டார். விட்டால் மறுநாள் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள் என்பது அவர் அறிந்ததே.

விழுப்புரம் மாவட்டத்துக் கடலோர ஊரான மரக்காணம் பழமையானது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இதுவே என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வழியே தெற்கு நோக்கி வரும் பக்கிங்காம் கால்வாய் இவ்வூரில் வந்து முடிகிறது. இவ்வுப்பளக் கரையோரத்துச் சிறு மதரஸா ஒன்றில் நாம் சில ஆண்டுகள் ஓதிக்கொடுத்தோம். உப்பைப் பற்றி நாம் கற்றதெல்லாம் அங்குள்ள மாணவர்களின் தந்தைமாரிடம் கற்றதுதான்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிடுவார்கள். முதலில் சுண்ணாம்புச் சத்துப் படியும். அதைக் கடந்து நீர் 25 டிகிரி என்னும் அடர்த்திக்கு வந்தபின்தான் உப்புப் பூக்கும். 30 டிகிரியை நெருங்கிவிட்டால் எஞ்சிய நீரில் மெக்னீசிய உப்புக்கள் மிகுந்து கசப்பேறும். அந்தக் கசப்பு நீரை உரிய வேளையில் வெளியேற்றாவிட்டால் விளைந்த உப்பும் கசந்துபோகும். ஆதலால் அளத்துக்காரர் அடிக்கடி நீரைச் சோதித்துப் பார்க்கிறார். வெளியே பார்வைக்கு எல்லா நீரும் ஒன்றுபோலவே தெளிந்திருக்கும்.

இனி நாம் சொல்ல வந்த கணக்குக்கு வருவோம். அறபியில் அதற்கு முஹாஸபா என்று பெயர். ஹிஸாப், அதாவது கணக்கு என்னும் சொல்லோடு உடன்பிறந்த சொல் அது. தன்னைத் தானே கணக்குக் கேட்டல் என்பது பொருள். ஒவ்வோர் ஆன்மாவும் நாளைக்கென்று தான் எதை முற்படுத்தி அனுப்பியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளட்டும் என்ற கருத்தை ஹஷ்ர் அத்தியாயத்தின் 18ஆம் வசனம் முன்வைக்கிறது. அல்லாஹ் கேட்குமுன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்பது கலீஃபா உமர் (ரலி) அவர்களின் அறிவுரை. இரவு வந்தால் தம் பாதங்களைச் சாட்டையால் தட்டி, இன்று என்ன செய்தாய் என்று அவர்கள் தம்மையே கேட்பார்கள் என்ற செய்தியும் நூல்களில் உண்டு. பரந்த நிலப்பரப்பையே ஆண்டவர் தம் கால்களிடம் கணக்குக் கேட்டிருக்கிறார்!

இப்பழக்கம் முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியதன்று. ரோம் நாட்டு அறிஞர் செனகா, விளக்கு எடுக்கப்பட்டு மனைவியும் பேச்சடங்கியபின், அன்றைய நாள் முழுவதையும் மனத்தில் திருப்பிப் பார்ப்பதாகத் தாமே எழுதியிருக்கிறார். ஆனால் கணக்குப் பார்ப்பவனே கணக்கைத் திருத்திவிட்டால் என்ன செய்வது? இக்கேள்வியை விடாமல் துருவியவர், இக்கலையின் பெயரையே தம் பெயராகப் பெற்ற ஹாரிஸ் அல்முஹாஸிபீ (ரஹ்) அவர்கள்.

ஏறத்தாழ 781இல் பஸ்ராவில் பிறந்து, பக்தாதில் வாழ்ந்து, 857இல் மறைந்த இப்பெரியார், தந்தையின் கொள்கை தமக்கு ஒவ்வாததால் அவர் விட்டுச்சென்ற பெருஞ்சொத்தில் ஒரு காசும் தொடவில்லை என்பர். இவர்களுடைய ‘அர்ரிஆயா’ என்னும் நூலைப் படிப்பவர்க்குச் சற்று அச்சமே உண்டாகும். திருடனைப் பின்தொடரும் காவலன்போல் இவர்கள் முகஸ்துதியைப் பின்தொடர்கிறார்கள். தொழுகையில் அது எப்படி நுழைகிறது, தொழுகையை மறைத்துத் தொழுததிலேயே எப்படி நுழைகிறது, முகஸ்துதி இல்லை என்று மகிழ்வதில்கூட எப்படி நுழைகிறது என்று ஆராய்கிறார்கள். மக்களுக்கு இவை எளிதில் பிடித்தனவல்ல. கலாம் வாதங்களில் இறங்கியதற்காக இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் இவர்களை வெறுத்து ஒதுக்கினார்கள். கடைசியில் இவர்களுக்கு ஜனாஸாத் தொழுதவர்கள் நால்வரே என வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர்.

நூல்கள் மட்டும் அடக்கமாகிவிடவில்லை. சுமார் 240 ஆண்டுகளுக்குப் பின் அதே பக்தாதில் அவற்றைக் கையிலெடுத்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 1091இல் நிஜாமிய்யாக் கலாசாலைக்கு ஆசிரியராய் வந்தபோது அவர்களுக்கு வயது முப்பத்து மூன்று. முந்நூறு மாணவர்கள் பாடம் கேட்டனர். முஹாஸிபீயின் நூல்களைப் படித்ததாக அவர்களே தம் தன்வரலாற்று நூலான ‘அல்முன்கிது’வில் சொல்கிறார்கள். படித்தவற்றைக் கொண்டு தம் பணிகளிலேயே சிறந்ததெனக் கருதிய ஆசிரியப் பணியைச் சோதித்துப் பார்த்தார்கள். அதன் அடியில் புகழாசை படிந்திருக்கக் கண்டார்கள். போவதா, இருப்பதா என்று ஆறு மாதம் தத்தளித்தார்கள். முடிவில் நா எழவில்லை. மாணவர் முன் ஒரு சொல்லும் வரவில்லை. உணவும் இறங்கவில்லை. நோய் உள்ளத்திலிருந்து வந்தது என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். 1095இல் பதவியைத் துறந்து திமிஷ்குக்குப் புறப்பட்டார்கள்.

இதன் பிறகு எழுந்த நூலே ‘இஹ்யா உலூமித்தீன்’. நாற்பது பகுதிகள் கொண்ட அதில் 38ஆம் பகுதி இக்கணக்கைப் பற்றியது. வணிகக் குடும்பங்கள் நிறைந்த நம் கடற்கரை மக்களுக்கு அதன் மொழி அந்நியமாய்த் தோன்றாது. நஃப்ஸு என்பது நம்முடைய கூட்டாளி. காலையில் அவனிடம் நிபந்தனை பேசி முதலைக் கொடுக்கவேண்டும். பகலில் கண்காணிக்கவேண்டும். இரவில் பேரேட்டைப் புரட்டவேண்டும். கடமையான வணக்கங்கள் முதல், உபரி வணக்கங்கள் ஆதாயம், பாவங்கள் நட்டம். முதல் குறைந்திருக்க ஆதாயத்தை எண்ணி மகிழ்பவன் வியாபாரியே அல்லன். பார்த்தது ஏன், பேசியது ஏன் என்று கேட்டதோடு அமையாமல், மௌனமாய் இருந்தது ஏன் என்றும் கேட்கச் சொல்கிறார்கள் இமாமவர்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் ஆலிம்களாகிய நம்மைக் கூடுதலாகச் சுடுகிறது.

அங்கே ஒரு மனிதரின் கதையும் வருகிறது. அறுபது வயதான அவர் தம் வாழ்நாளை நாட்களாகப் பெருக்கிப் பார்த்தார். இருபத்தோராயிரத்துக்கும் மேல் வந்தது. நாளுக்கொரு பாவம் என்றாலும் இத்தனையா என்று கதறி விழுந்தவர் எழவே இல்லை. ஐம்பதைக் கடந்த நாமும் ஒருநாள் அவ்வாறே பெருக்கிப் பார்த்தோம். விடையை இங்கே எழுதப்போவதில்லை.

தமிழகத்தில் இக்கணக்கு பாட்டாகியது. தொண்டியை அடுத்த குணங்குடியில் 1792இல் பிறந்து, சென்னை இராயபுரத்தில் வாழ்ந்து 1838இல் மறைந்த சுல்தான் அப்துல் காதிர், குணங்குடி மஸ்தான் சாகிபு என்றே நம் வீடுகளில் அறியப்படுபவர்கள். அவர்களின் கண்ணிகளில் பாடுபவர் தம் குற்றத்தைத் தாமே எடுத்துவைத்து இறைவன் முன் முறையிடுவதை அடிக்கடி காணலாம். கேட்கும் நாம் மெய்ம்மறந்து தலையாட்டுகிறோம். அது தம்மைக் குறித்து ஒருவர் எழுதிய நட்டக் கணக்கு என்பதை மறந்துவிடுகிறோம்.

மரக்காணத்தில் இருந்த காலத்தில் நாமும் குறிப்பேடு ஒன்று வைத்திருந்தோம். ஐவேளை ஜமாஅத், ஓதிய ஜுஸ்வு, திக்று, தஹஜ்ஜுது என்று கட்டங்கள் போட்டு ஒவ்வோர் இரவும் நிரப்புவோம். ஒருநாள் சிறுவன் ஒருவன் பாடத்துக்குப் பிந்தி வந்தான். ‘இஹ்யா’வைப் பற்றிப் பெரிய மாணவர்க்கு விளக்கிக்கொண்டிருந்த சுவையில் தடை நேர்ந்ததால் எல்லார் முன்னிலையிலும் அவனைச் சோம்பேறி என்று இகழ்ந்து, வாசலில் நிற்கவைத்தோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு நம் கட்டங்கள் யாவும் நிரம்பின.

மூன்று இரவுகள் அவ்வாறே நிரம்பின. நான்காம் நாள் சுபுஹுக்குப் பின் உப்பளப் பக்கம் நடந்தபோது, இருள் பிரியுமுன்னே அச்சிறுவன் தந்தையோடு உப்பு நீரில் நின்று வாரிக்கொண்டிருக்கக் கண்டோம். காலில் வெடிப்புகள் இருந்தன. வெயில் ஏறுமுன் முடித்துவிட்டுத்தான் மதரஸாவுக்கு ஓடிவருகிறான் என்பது அப்போதுதான் விளங்கிற்று. குறிப்பேட்டில் அச்செயலுக்குக் கட்டமே இல்லை. கட்டம் போட்டவர் நாம்தாமே!

வரப்பில் நின்று தந்தையிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் பலகையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

“பையன் வீட்டுல ஒண்ணும் சொல்லலீங்களே, அஜரத்து” என்றார்.

சிறுவன் நம் பக்கம் திரும்பாமல் உப்பை இழுத்துக்கொண்டிருந்தான். அவனருகே போவதற்கு வரப்பிலிருந்து இறங்கவேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினோம். நீர் சுரீரென்றது. அன்றிரவு குறிப்பேட்டில் கட்டங்களை விட்டுவிட்டு அவன் பெயரை மட்டும் எழுதினோம்.