பிறையின் முன் நிற்கும் உடல்: ரோஷ் ஹோதெஷும் யோகப் பயிற்சியும்

யூதர்களின் எபிரேய மாதம் ரோஷ் ஹோதெஷ் என்னும் முதற்பிறை நாளில் தொடங்குகிறது. அமெரிக்காவில் யூதப் பெண்கள் சிலர் அன்று ஒன்றுகூடி, அந்த மாதத்துக்குரிய சமய போதனையோடு ஆசனங்களையும் பயில்கிறார்கள். ஆன்மிகம் எல்லாம் ஒன்றே என்று இதை வரவேற்பவர்களும், அந்நிய வழிபாடு என்று ஒதுக்குபவர்களும் ஒரு செய்தியைக் கவனிப்பதில்லை. நிலவின் முன் உடல் எப்படி நிற்க வேண்டும் என்று யூத மரபே நுட்பமாகச் சிந்தித்திருக்கிறது. இந்த இணைப்பின் தகுதியை அந்தச் சிந்தனையைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் வாதம்.

யோகம் இந்த நாளில் வந்து சேர்ந்தது தற்செயல் அன்று. யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா விவரிக்கும் காலத்தில், பிறை கண்டவர்கள் எருசலேமில் நீதிமன்றத்தின் முன் சாட்சி சொன்ன பிறகே புது மாதம் அறிவிக்கப்பட்டது. மலையுச்சிகளில் தீ மூட்டிச் செய்தி அனுப்பினார்கள். கி.பி. 70இல் எருசலேம் கோவில் அழிந்தபின் இந்நாளுக்குரிய பலிகள் நின்றன. பிறகு கணித நாட்காட்டி வந்து சாட்சிகளின் தேவையும் அற்றுப்போனது. எஞ்சியவற்றில் முக்கியமானவை சுருக்கமான ஹல்லேல் துதிப்பாடல்களும் கூடுதல் தொழுகையும். ஓய்வுநாளுக்குரிய வேலைத் தடை இந்நாளுக்கு இல்லை. ஆனால் பெண்கள் அன்று வேலையை விடுவது நல்ல வழக்கம் என்கிறது எருசலேம் தல்மூத். பாலைவனத்தில் இஸ்ரவேலர் வணங்கிய பொற்கன்றுக்குத் தம் நகைகளைத் தர மறுத்ததற்குக் கிடைத்த பரிசு இது என்று பிர்கே தெ-ரப்பி எலியேசர் என்னும் நூல் காரணம் கூறுகிறது. 1970களில் அமெரிக்க யூதப் பெண்ணியர்கள் இந்தப் பழைய உரிமையை மீட்டெடுத்தார்கள். ஆர்லீன் ஏகஸ் 1976இல் எழுதிய கட்டுரை அதற்குப் பெரிதும் துணை நின்றது. தடைகள் குறைந்த, பெண்களுக்கே உரிய நாளில் புதிய சடங்குகள் வேர்பிடித்தன.

உடற்பயிற்சியே யூத ஆன்மிகத்துக்குப் புறம்பானது என்பாரின் கூற்றும் நிற்காது. நின்றபடி சொல்லும் அமிதா தொழுகையில் முதுகெலும்பின் கணுக்கள் எல்லாம் தளரும்வரை குனிய வேண்டும் என்கிறது தல்மூத். 13ஆம் நூற்றாண்டில் யூத மறைஞானி ஆபிரகாம் அபுலாஃபியா, எழுத்துகளை உச்சரிக்கும்போது மூச்சும் தலையசைவும் எப்படி அமைய வேண்டும் என்று வகுத்தார். மோஷே இடெல் போன்ற ஆய்வாளர்கள் இதை யோகத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். செஃபர் யெட்சீரா என்னும் பழைய மறைஞான நூல் பன்னிரண்டு எழுத்துகளோடு மாதங்களையும் ராசிகளையும் உடலுறுப்புகளையும் பொருத்துகிறது. இன்றைய ஆசிரியர்கள் அதிகம் நாடுவது இந்த நூலைத்தான். எனினும் மிகவும் நலிந்த ஆதாரம் இதுவே. எந்த எழுத்துக்கு எந்த உறுப்பு என்பதில் அதன் பாடங்கள் ஒத்துப்போவதில்லை. பிரபஞ்ச அமைப்பை விளக்க வந்த பட்டியலை உடற்பயிற்சிக் குறிப்பாகப் படிப்பது நூலுக்கும் நியாயம் செய்யாது.

உண்மையான சிக்கல், நிலவின் பெயரால் குனிந்தெழும் ஆசனத் தொடரான சந்திர நமஸ்காரத்தில் இருக்கிறது. மாதத்தின் முற்பாதியில், வளரும் நிலவின் கீழ் திறந்தவெளியில் நின்று சொல்லும் கித்தூஷ் லெவானா என்னும் ஆசியுரையில், நிலவை நோக்கி எழும்பியும் அதைத் தொட முடியவில்லை என்று சொல்லும் வரி வருகிறது. அப்போது குதிகாலை உயர்த்தி எழும்புவது வழக்கம். ஆனால் முழங்காலை மடக்கக் கூடாது, நிலவை வணங்குவதுபோல் தோன்றிவிடும் என்று பிற்காலச் சட்ட அறிஞர்கள் எச்சரித்தார்கள். எழும்பலாம், பணியலாகாது! உடலையே கொண்டு வரையப்பட்ட இந்த எல்லை எனக்குப் பெருவியப்பைத் தருகிறது. படைத்தவனைப் போற்றும் நேரத்தில் படைக்கப்பட்டதற்குத் தலைவணங்காமல் காக்கிறது அது.

இன்றைய ஆசனப் பயிற்சி முழுவதும் பழைய வழிபாட்டின் எச்சம் அன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடற்பயிற்சி இயக்கங்களோடு கலந்தே அது உருப்பெற்றது என்று யோக வரலாற்று ஆய்வாளர் மார்க் சிங்கிள்டன் 2010இல் விரிவாகக் காட்டினார். எனவே ஆசனம் பயிலும் யூதப் பெண் தன் மரபை மீறுவதாக நான் கருதவில்லை. ஆனால் ரோஷ் ஹோதெஷ் அன்று நிலவின் பெயரால் குனிந்தெழும் தொடரைச் செய்வது அந்த எல்லையின் நுட்பத்தையே கலைத்துவிடும்.

இணைப்புக்குப் பொருத்தமான இடம் வேறு. மைசூரில் பட்டாபி ஜோயிஸ் வளர்த்த அஷ்டாங்க யோகத்தில் அமாவாசை அன்று பயிற்சி கிடையாது. ரோஷ் ஹோதெஷுக்கு முந்திய நாளை, 16ஆம் நூற்றாண்டில் ஸஃபேத் நகரத்தில் கபாலா என்னும் யூத மறைஞான மரபின் அறிஞர்கள் நோன்பும் மனவருத்தமுமாகக் கழித்தார்கள். மோசே கோர்டோவெரோ அந்த வழக்கத்தோடு தொடர்புடையவர். நிலவு மறையும் அந்த வேளையில் பாயை விரிக்காமல் அமர்ந்திருப்பதும், பிறை பிறந்தபின் தாடாசனத்தில் குதிகால் உயர்த்தி நிற்பதும் இரு மரபுக்கும் உண்மையாக இருக்கும்.