யாருடைய சராசரி? – தரப்படுத்தலின் கணக்கும் வரலாறும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் அக்குறணையிலும் மடவளையிலும் கம்பளையிலும் பெற்றோர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: "இஸட் எத்தனை?" மூன்று பாடங்களிலும் 'ஏ' எடுத்த பிள்ளைக்கும் மருத்துவ பீடம் கைநழுவிப் போவதுண்டு. தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களே அங்கு தீர்ப்புச் சொல்கின்றன. அந்த இலக்கங்களுக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றில் பேராதனைக்கும் கம்பளைக்கும் தனியிடம் உண்டு.

பரீட்சைப் புள்ளி என்பது தராசில் நிறுத்த எடையைப் போன்றதல்ல. 1888 இல் எட்ஜ்வர்த் என்ற பொருளியலாளர், பரீட்சைப் புள்ளிகளில் தற்செயலின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை எழுதிக் காட்டினார். 1935 இல் ஹார்டொக், ரோட்ஸ் என்ற இருவர் வரலாற்றுப் பாட விடைத்தாள்கள் பதினைந்தைப் பதினான்கு பரீட்சகர்களிடம் கொடுத்துத் திருத்துவித்தனர். ஓராண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் அதே தாள்களை அதே பரீட்சகர்களிடம் மீண்டும் கொடுத்தனர். மொத்தம் 210 தீர்ப்புகளில் 92 மாறிவிட்டன. முன்னர் சித்தியடைந்தவர் பின்னர் தவறினார், தவறியவர் சித்தியடைந்தார். பிள்ளை அதே பிள்ளை, தாளும் அதே தாள். மாறியது திருத்தியவரின் மனம் மட்டுமே.

இந்தத் தடுமாற்றத்துக்கு மருந்து தேடியவர்களில் உளவியலாளர் முன்னணியில் நின்றனர். காள் பியர்சன் 1890களில் நியம விலகல் என்ற அளவைக்குப் பெயரிட்டார். ஒரு கூட்டத்தின் புள்ளிகள் அதன் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தூரம் சிதறி நிற்கின்றன என்பதைச் சொல்வது அது. பிள்ளையின் புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுத்தால் கிடைப்பதே இஸட் புள்ளி. உதாரணமாக, பௌதிகவியலில் சராசரி 40, விலகல் 10 என்று கொள்வோம். அதில் 60 எடுத்தவரின் இஸட் 2. உயிரியலில் சராசரி 55, விலகல் 20 ஆனால், அதில் 75 எடுத்தவரின் இஸட் 1 மட்டுமே. கூடிய புள்ளி எடுத்தவர் பின்னால் நிற்கிறார். கடினமான தாளில் முன்னேறியவருக்கு அதற்குரிய மதிப்புக் கிடைக்கிறது.

ஆனால் இதற்குள் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. 1922 இல் அமெரிக்க உளவியலாளர் மக்கோல் இதே அடிப்படையில் 'டீ' அளவுத்திட்டத்தை உருவாக்கினார். சராசரியை 50 என்றும் விலகலை 10 என்றும் வைத்தார். யாருடைய சராசரி? பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுடையது. ஒப்பிடும் கூட்டத்தை அவர் முதலிலேயே பெயர் சொல்லி அறிவித்துவிட்டார். ஏனெனில், கூட்டம் மாறினால் புள்ளியும் மாறும். சூத்திரத்துக்கு நீதியும் தெரியாது, அநீதியும் தெரியாது. எந்தக் கூட்டத்தை அதற்குள் இடுகிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 1942 இல் தோன்றி 1952 இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்த இலங்கைப் பல்கலைக்கழகம், 1960களின் இறுதிவரை பெற்ற புள்ளிகளைக் கொண்டே மாணவரைத் தெரிவு செய்தது. 1970 இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவர் வழமைக்கு மாறாகப் பெருந்தொகையில் தெரிவாகியுள்ளனர் என்ற செய்தி பரவிற்று. தமிழ்ப் பரீட்சகர்கள் தாராளமாகப் புள்ளி வழங்கினர் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அக்குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. எனினும் அடுத்து வந்த அனுமதியில் மொழிக்கொரு வெட்டுப்புள்ளி அறிமுகமாயிற்று. பேராதனைப் பொறியியலுக்கு 400 இற்குச் சிங்கள மொழிமூலத்தினர் 227 எடுத்தாற் போதும். தமிழ் மொழிமூலத்தினருக்கு 250 தேவைப்பட்டது. மருத்துவத்துக்கு இவை முறையே 229, 250.

1973 இல் இதற்குக் கணித உடை அணிவிக்கப்பட்டது. ஒவ்வொரு மொழிமூலத்தாரின் புள்ளிகளும் ஒரே அளவுத்திட்டத்துக்கு மாற்றப்பட்டு, பரீட்சைக்குத் தோற்றிய தொகைக்கேற்ற விகிதத்தில் ஒவ்வொரு மொழியிலிருந்தும் மாணவர் தெரிவாகும்படி செய்யப்பட்டது. தரப்படுத்தல் என்ற சொல் தமிழ் பேசுவோரின் மனங்களில் முள்ளாய்த் தைத்தது இப்படித்தான். விஞ்ஞானம் சார்ந்த துறைகளில் தமிழர் பங்கு 1970 இல் நூற்றுக்கு 35 அளவில் இருந்தது. 1975 இல் 19 அளவுக்கு இறங்கிற்று. அதன் பின்விளைவுகளை நாடு அறியும்.

கணக்கின் பிழை எங்கே? இரு கூட்டங்களின் சராசரிகள் வேறுபட்டால் அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஒரு பக்கத்தில் திருத்தியவர்கள் தாராளமாக இருந்திருக்கலாம். ஒரு பக்கத்தில் ஆய்வுகூடமும் ஆசிரியரும் கூடுதலாக இருந்திருக்கலாம். ஒரு பக்கத்துப் பிள்ளைகள் உண்மையிலேயே அப்பாடத்தை ஆழமாகக் கற்றிருக்கலாம். முதற் காரணம் உண்மையாயின் தரப்படுத்தல் நீதியான திருத்தம். இரண்டாவது உண்மையாயின் அது நிவாரணம். அதை நிவாரணமென்றே வெளிப்படையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது உண்மையாயின் அது பறிப்பு. எது உண்மை என்று ஆராயுமுன்னரே இரு சராசரிகளையும் சமமாக்குவது, நோயை அறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். ஆய்வு முறையியலின் முதற்பாடமே இதுதான்: வேறுபாட்டைக் கண்டவுடன் அதற்கான காரணத்தைக் கற்பனை செய்துகொள்ளாதே.

அக்காலத்தில் கல்வி அமைச்சராக இருந்தவர் மர்ஹூம் கலாநிதி பதியுதீன் மஹ்மூத் அவர்கள். மாத்தறையிற் பிறந்து, அலிகாரிற் கற்று, கம்பளை ஸாஹிறாவின் முதல் அதிபராகத் திகழ்ந்தவர். முஸ்லிம் பாடசாலைகளின் வளர்ச்சியில் அவருக்குள்ள பங்கை எமது சமூகம் நன்றியோடு நினைவுகூர்கிறது. தமிழ்ச் சமூகமோ தரப்படுத்தலோடு சேர்த்தே அவரது பெயரைச் சொல்கிறது. அன்றைய ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் கொள்கை முழுவதையும் ஒரு தனிமனிதரின் தலையில் சுமத்துவது வரலாறாகாது. அதற்காக, அமைச்சர் எம்மவர் என்பதால் நாம் வாய்மூடி இருப்பதும் வரலாறாகாது.

ஏனெனில் அந்தக் கணக்கில் எமது பிள்ளைகளும் இருந்தார்கள். முஸ்லிம் மாணவரிற் பெரும்பாலோர் அன்று தமிழ் மொழிமூலமே கற்றனர். யாழ்ப்பாணத்தின் புகழ்பெற்ற கல்லூரிகளும் ஆய்வுகூடமற்ற அக்குறணை, மூதூர்ப் பாடசாலைகளும் 'தமிழ் மொழிமூலம்' என்ற ஒரே கூட்டத்தில் அடைக்கப்பட்டன. கொழும்பின் பெருங்கல்லூரி மாணவனும் மொனராகலைக் கிராமத்து மாணவனும் மறுபக்கத்துக் கூட்டத்தில் அடங்கினர். வசதிகுறைந்த முஸ்லிம் பிள்ளை, யாழ்ப்பாணம் உயர்த்திய சராசரியோடு ஒப்பிடப்பட்டது. வசதிபெற்ற கொழும்புப் பிள்ளைக்கோ சலுகை கிடைத்தது. பின்தங்கியோருக்கு உதவுவதுதான் நோக்கமென்றால், மொழி அதற்குரிய அளவுகோலல்ல.

1974 இல் மாவட்டப் பங்கீடு வந்து சேர்ந்தது. சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கு இடங்கள் ஒதுக்கப்பட்டன. பின்தங்கிய மாவட்டங்களுக்கு இது கதவைத் திறந்தது என்பதை மறுக்க முடியாது. விகிதாசாரங்கள் பலமுறை மாறி, இன்று பொதுவாகத் திறமைக்கு 40, மாவட்டங்களுக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 என நிற்கின்றன. ஆனால் மாவட்டமும் ஒரு கூட்டமே. கண்டி மாவட்டம் பின்தங்கிய பட்டியலில் இல்லை. அயலிலுள்ள நுவரெலியா உண்டு. கண்டி நகரின் பெருங்கல்லூரி மாணவனும் தெல்தோட்டைத் தோட்டத்து லயத்துப் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். எல்லைக்கு அப்பால் பிறந்திருந்தால் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஆறுதல் இங்கில்லை. கூட்டத்தின் சராசரி, கூட்டத்துக்குள் இருக்கும் ஏழையை மறைத்துவிடுகிறது.

2001 இல் இஸட் புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது. இதை அறிமுகப்படுத்தியவராக அறியப்படுபவர் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தட்டில். இம்முறை மொழிகளுக்கிடையில் அல்ல, பாடங்களுக்கிடையில் உள்ள கடினத்தைச் சமன்செய்கிறது. ஒரு பாடத்துக்கு நாடு முழுவதும் ஒரே கூட்டம். சூத்திரம் பழையது, கூட்டமே புதியது. எனினும் 2011 உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் ஒன்றாகத் தோற்றியபோது பழைய கேள்வி மீண்டும் எழுந்தது: இவர்கள் ஒரு கூட்டமா, இரு கூட்டங்களா? ஒன்றெனக் கொண்டு வெளியிடப்பட்ட இஸட் புள்ளிகள் உயர் நீதிமன்றம்வரை போயின. இரு சாராருக்கும் தனித்தனியே கணிக்குமாறு 2012 ஜூனில் தீர்ப்பாயிற்று. ஒரு புள்ளிவிபரவியற் கேள்வி நீதிமன்றப் படியேறியது எமது நாட்டில் அபூர்வமான காட்சிதான்.

புள்ளிவிபரம் வரட்சியானது, அது இலக்கியவாதிக்குரியதல்ல என்று நம்மிற் பலர் நினைக்கிறோம். ஆனால் ஒரு தலைமுறையின் கண்ணீரைத் தீர்மானித்தது ஒரு வகுத்தற் கணக்கு. அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டிக்க ஓர் அத்தியாயமே அருளப்பட்ட வேதத்தை உடையவர்கள் நாம். இனி எவரேனும் ஒரு சராசரியைக் காட்டி எமக்குச் சார்பாகவோ எதிராகவோ பேசும்போது, முதலில் ஒன்றைக் கேட்போம்: இது யாருடைய சராசரி? சராசரி எமக்குச் சாதகமாக அமைந்த நாளிலும் அதே கேள்வியைக் கேட்கும் துணிவு எமக்கு வேண்டும்.